பேர் கூப்பிடுகிறவள்

அவள் முதன்முதலாக ஒரு பேரைக் கூப்பிட்டபோது ஜட்ஜ் அம்மாவின் கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. கூண்டில் நின்றிருந்த சாட்சி சொல்ல வந்ததை மறந்துவிட்டு வாசலைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து நின்றது. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், கூப்பிடப்பட்டது தன் பேர் இல்லை என்றாலும், எதற்கும் இருக்கட்டும் என்று கிளாஸை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

"இது கோர்ட்டா, ரயில்வே ஸ்டேஷனா?" என்றார் ஜட்ஜ் அம்மா. கோபமாகச் சொல்லத்தான் நினைத்திருப்பார். சிரிப்பு முந்திக்கொண்டது.

அவளும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கும்மிடிப்பூண்டிக்குக் கொஞ்சம் தள்ளி, சிவில் கேஸ், கிரிமினல் கேஸ் இரண்டையும் ஒரே ஜட்ஜ் பார்க்கிற சின்ன கோர்ட். எங்கள் பதவிக்கு இளநிலை உதவியாளர் என்று பெயர். கேட்க நன்றாக இருக்கும். கேஸ் கட்டுகளைத் தைப்பது, அடுக்குவது, தூக்கிக்கொண்டு ஓடுவது, சம்மன் டைப் அடிப்பது, அடுத்த வாய்தா தேதியை எழுதுவது, யார் எதைத் தொலைத்தாலும் திட்டு வாங்குவது, இவ்வளவும் அதற்குள் அடங்கும். வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற டவாலி ரிட்டயர் ஆகிப் போயிருந்தார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. "புதுசா வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கூப்பிடுங்க" என்றார் ஹெட் கிளார்க் சார்.

முதலில் நான்தான் போனேன். நான் தேனிப் பக்கத்துப் பெண். வீட்டில் அப்பாவைக்கூடச் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. வராண்டாவில் நின்று வாயைத் திறந்தேன். என் குரல் வாசற்படியைத் தாண்டவில்லை. வக்கீல்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்து நகர்த்தியது.

"தள்ளுமே. இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற? யாரையாச்சும் திட்டவா சொன்னாங்கோ? கூப்புடத்தான சொன்னாங்கோ."

அப்புறம்தான் பேனா விழுந்தது.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஆரம்பாக்கம் பக்கம். அவள் அம்மா அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் பள்ளிக்கூடம் முடித்ததும் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய், ஷிப்டுக்கு நடுவில் படித்து, பரீட்சை எழுதி வந்தவள். அவளால் நடக்க முடியாது. அதாவது, ஓடத்தான் தெரியும். ஆபீஸிலிருந்து கோர்ட் ஹாலுக்கு ஓடுவாள், ஹாலிலிருந்து வராண்டாவுக்கு ஓடுவாள், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டு பனங்கற்கண்டு ஒதுக்கியிருக்கும். "தொண்டைக்கு" என்பாள்.

கூப்பிட்ட பேருக்குக் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் "தோ வந்துட்டேன்" என்று எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த மாதிரி ஒரு கையை மடக்கிக் காற்றில் குத்துவாள். வாராவாரம் பார்த்த ஆளாக இருந்தாலும் அதே சந்தோஷம்தான். "வந்துட்டாரு பாத்தியா! வந்துட்டாரு!" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த பேருக்கு மூச்சை இழுப்பாள்.

கோர்ட்டில் ஒரு பேரை மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றாவதற்கும் ஆள் வராவிட்டால் அவ்வளவுதான். சிவில் கேஸ் என்றால் எதிராளி பக்கம் தீர்ப்பாகிவிடலாம். கிரிமினல் கேஸ் என்றால் பிடிவாரண்ட். எனக்கு இதெல்லாம் சட்டமாக மட்டும்தான் தெரிந்தது. அவளுக்கு அந்த மூன்று முறையும் உயிர் போகிற விஷயம். முதல் முறை சாதாரணமாகக் கூப்பிடுவாள். இரண்டாவது முறை வராண்டாவின் இரண்டு கோடிக்கும் போய்க் கூப்பிடுவாள். மூன்றாவது முறை படியிறங்கி, மண்ணில் நின்று, கேட்டைப் பார்த்துக் கூப்பிடுவாள். அதற்குள் அவள் கண்கள் மரத்தடி, சைக்கிள் ஸ்டாண்டு, ஜெராக்ஸ் கடை என்று எல்லாவற்றையும் துழாவி முடித்திருக்கும்.

காலையில் ஜட்ஜ் அம்மா வருவதற்கு முன்பு அவள் மரத்தடியில் ஒரு சுற்று வருவாள். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய்க் குந்திக்கொண்டு கேட்பாள். "நைனா, கார்டுல கீற பேர வுடு. ஊட்ல உன்ன இன்னான்னு கூப்புடுவாங்கோ?"

இது எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு நிலத் தகராறு கேஸில் புரிந்தது. ஆரம்பாக்கம் பக்கத்து அம்மா ஒருவர். அண்ணன் தம்பிகள் ஏமாற்றிவிட்டார்கள் என்று தனியாளாகக் கேஸ் போட்டவர். பேப்பரில் அவர் பேர் தனலட்சுமி. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தே விட்டார். அவள் படியிறங்கிப் போய், "சின்னப்பொண்ணு அம்மோவ்!" என்றாள். மரத்தடியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா துள்ளி எழுந்தார்.

"ஏம்மா, இவ்ளோ நேரமா கூப்டுனு கீறேன்ல?"

"யாரையோ கூப்புடறன்னு நெனச்சேன் கண்ணு. தனலச்சுமின்னு என்ன ஒருத்தரும் கூப்டதில்லியே. இஸ்கூல்ல கூப்டது."

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "பாத்தியாமே! ஒரு செகண்டு வுட்டிருந்தா நெலம் போயிருக்கும்! ஒரு பேருல போயிருக்கும்!"

எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. திருட்டு கேஸ் ஒன்றில் போலீஸ் எழுதிய பேர் 'நொண்டி சேகர்'. அவள் "சேகர்" என்று மட்டும் கூப்பிட்டாள். கோர்ட்டுக்கு வருகிற ஏட்டு வந்து, "முழுப் பேரையும் சொல்லும்மா, ஊர்ல நூறு சேகர் இருக்கான்" என்றார்.

"அப்பா பேரு, தெரு பேரு சொல்லிக் கூப்புடறேன் சார். அது வேணாம்."

"எஃப்.ஐ.ஆர்ல அப்படித்தான் இருக்கு."

"அது அவரு பேரு இல்ல சார். அவரு காலு."

ஏட்டு ஹெட் கிளார்க் சாரிடம் போய்ச் சொன்னார். அவர் அவளைக் கூப்பிட்டு, நீ இன்னும் புரொபேஷனில் இருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த வாய்தாவிலும் "சேகர், தந்தை பெயர் மாணிக்கம்" என்றுதான் கூப்பிட்டாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்த அந்த ஆள் படியேறும்போது அவளை ஒரு பார்வை பார்த்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது.

ஒரு மத்தியானம் பின்பக்கத்து வராண்டாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இந்தக் குரல் எங்கக்கா கெடச்சுது?" என்று கேட்டேன்.

"மில்லுல. ரோலிங் ஓடிக்கினு இருந்தா நாம பேசறது நமக்கே கேக்காது. வயித்துலருந்து கத்தணும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை. "யார்டுல எடை போடற எடத்துல இருந்தேன். மேல கிரேன்ல இரும்பு போவும். ஒரு நாளு செயினு நவுந்துருச்சு. கீழ ஒரு பையன் முதுகக் காட்டிக்கினு நிக்கறான். புதுசா வந்தவன். வடக்கத்தி. நான் பாத்துட்டேன். எனக்கு மட்டுந்தான் தெரியுது. கத்தறேன். 'ஏய், டேய், பையா'ன்றேன். அந்த யார்டுல அல்லாருமே ஏய் தான். அல்லாரும் திரும்பிப் பாத்தாங்கோ. அவன் மட்டும் பாக்கல."

நான் என் டப்பாவை மூடிவைத்தேன்.

"உசுரு போவல. காலு போச்சு. அவன் பேரு ஆஸ்பத்திரில தான் எனக்குத் தெரியும். அது தெரிஞ்சிருந்தா ஒரு வாட்டி போதும்மே. ஒரே வாட்டி."

கையைக் கழுவ எழுந்து போனாள். திரும்பி வந்தபோது வழக்கம்போல ஓடித்தான் வந்தாள். லஞ்ச் முடிந்து பெல் அடித்திருந்தது.

இப்போது கீரோத் கேஸ். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

ஒடிசாவிலிருந்து வந்த பையன். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காப்பர் கம்பி திருட்டுப்போய், அவன் மேல் கேஸ். சார்ஜ் ஷீட்டில் அவன் பேரைக் 'குரோத் பேரா' என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு வாய்தாவில் யாரோ அப்படியே மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தான். அது தன் பேர் என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, இன்றைக்குத் தன் கேஸ் இல்லை போலிருக்கிறது என்று அறைக்குப் போய்விட்டான். பிடிவாரண்ட் போய், போலீஸ் வந்து பிடித்து, சில நாள் உள்ளே இருந்து, மறுபடி ஜாமீன் வாங்கி வந்தவன். வேலையும் போயிற்று. மீஞ்சூர்ப் பக்கம் ஏதோ கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

இது தெரிந்ததும் அவளுக்கு ஜுரம் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஒடிசாப் பையன்கள் காலையில் நாஷ்டா தின்கிற தள்ளுவண்டிக்குப் போய், அவர்களிடம் அந்தப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாள். "கீரோதொ பெஹெரா. கடசில ஒரு 'ஒ' வருதுமே. அத்த வுட்டுட்டா அவுங்களுக்கு அது பேரே இல்ல." ஒரு வாரம் என் காதருகில் "கீரோதொ, கீரோதொ" என்று பழகினாள். அர்த்தமும் கேட்டுவந்திருந்தாள். "பாற்கடலாம்மே! பாற்கடல இஸ்துக்கினு வந்து குரோதம்னு எய்தி வெச்சிக்கிறாங்கோ!"

அடுத்த வாய்தாவில் அவள் வராண்டாவில் நின்று அந்தப் பேரைக் கூப்பிட்டபோது, மரத்தடியில் ஒரு ஒல்லிப் பையன் ஷாக் அடித்த மாதிரி எழுந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஊரிலிருந்து அவன் அம்மா வந்துவிட்டாளோ என்று தேடின மாதிரி இருந்தது எனக்கு.

அதற்கடுத்த வாய்தா அன்றுதான் ரயில் நின்றுவிட்டது.

காலையிலேயே அவள் மரத்தடியைச் சுற்றிவிட்டு வந்து, "பாற்கடல காணோம்மே" என்றாள். கேஸ் எடுத்தார்கள். கூப்பிட்டாள். மூன்று முறையும் கூப்பிட்டாள். ஆள் இல்லை. அவனுக்கு இலவசமாக வாதாடிய சட்ட உதவி வக்கீல் போன் போட்டுப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப். ஜட்ஜ் அம்மா கட்டைப் புரட்டினார். "இவர் மேல ஏற்கெனவே ஒரு வாரண்ட் போயிருக்கு. இன்னிக்கு சாட்சி வந்து உட்கார்ந்திருக்காங்க. லஞ்சுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை கூப்பிடுவோம். இல்லைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று கட்டைத் தள்ளிவைத்தார்.

அப்போதுதான் மீஞ்சூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த ஒரு ஒடிசாப் பையன் சொன்னான். கீரோத் ரயிலில் ஏறியதைப் பார்த்தானாம். சிக்னல் ஃபெயிலியர். ரயில் ஸ்டேஷனுக்கு முன்னால் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது, ரொம்ப நேரமாக.

அவள் என் கையைப் பிடித்தாள். "உன் வண்டி கீதுல?"

ஹெட் கிளார்க் சார் மேஜையிலிருந்து நிமிர்ந்தார். "எங்க போறீங்க ரெண்டு பேரும்? கோர்ட் ஸ்டாஃப் போய் அக்யூஸ்டைக் கூட்டிட்டு வர்றதா? எவனாவது மேல எழுதிப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? உனக்கு வேலையே இருக்காது."

"கூட்டினு வரப் போல சார். கூப்புடப் போறேன். அது என் வேலதான?"

"கூப்பிடறது வராண்டாவுல."

"வராண்டா எவ்ளோ தூரம்னு எங்கியாச்சும் எய்திக்குதா சார்?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பீரோவைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். "நான் யாரையும் பாக்கல. லஞ்சுக்கு முன்னாடி வந்து சேருங்க" என்று பீரோவுக்குள் சொன்னார். பேர் கூப்பிடுகிற வேலையை அதுவரை ஏட்டு பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நாங்கள் கேட்டைத் தாண்டும்போது அவர் இருமிக்கொண்டே யாரையோ கூப்பிடுவது கேட்டது.

நான் அப்படி என் வாழ்க்கையில் ஸ்கூட்டி ஓட்டியதில்லை. கம்பி ஏற்றிய லாரிகளுக்கு நடுவில், மண் ரோட்டில், பள்ளத்தில் விழுந்து எழுந்து போனோம். அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "லெப்டுல வுடு! அவன் நிப்பான், நீ போ! தோ, தோ, போ!" என்று கத்திக்கொண்டே வந்தாள். எங்களுக்கு ஹாரனே தேவைப்படவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. அதற்கப்பால் நீளமாக ரயில். கதவுகளில் ஜனம் தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் இரும்பில் பட்டு கண் கூசியது. பாதிப்பேர் இறங்கி நடந்துபோயிருந்தார்கள். அவன் போகவில்லை. தண்டவாளத்தில் கால் வைத்தால் அதற்கு ஒரு கேஸ் போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், பிறகு தெரிந்தது.

அவள் கற்கண்டைத் துப்பினாள். தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்த ஒற்றையடிப் பாதையில் நின்று, "கீரோதொ! கீரோதொ பெஹெரா!" என்று கூப்பிட்டாள்.

முதல் பெட்டி முழுக்கத் திரும்பியது. அவன் இல்லை. இரண்டாவது பெட்டிக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். "யாரும்மா அது? இன்னா மேட்டரு?" என்று கதவில் நின்ற பொம்பளை கேட்டாள். "கோர்ட்டுல கேஸும்மா! வரலன்னா புடிச்சி உள்ள போட்ருவாங்கோ!" என்றாள் இவள் ஓடிக்கொண்டே. அவ்வளவுதான். அந்தப் பொம்பளை உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். வேர்க்கடலை விற்கிற ஆள் கூப்பிட்டார். காலேஜ் பையன்கள் கும்பலாகக் கூப்பிட்டார்கள். நின்று நின்று அலுத்துப்போன ரயிலுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. பேர் பெட்டிக்குப் பெட்டி தாவியது. "கீரோது!" "கீரோ!" என்று போய், நாலைந்து பெட்டி தாண்டுவதற்குள் "ஹீரோ! ஹீரோ யாருப்பா? ஹீரோவ கோர்ட்டுல கூப்புடறாங்கோ!" என்று ஆகிவிட்டது. ரயிலே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

கடைசிப் பெட்டிக்கு முந்தின பெட்டியில் அவன் இருந்தான். கதவோரமாக, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஜாமீன் பேப்பர் வைத்த பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு. எல்லோரும் ஹீரோ, ஹீரோ என்று கத்துவதை அவனும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீரோதொ!"

அவன் முகம் மாறியது. அவளைப் பார்த்துவிட்டான்.

சரியாக அந்த நேரம் சிக்னல் விழுந்தது. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர ஆரம்பித்தது. தன்னைத் தேடிக் கோர்ட்டே வந்துவிட்டது, இப்போது போகாவிட்டால் ஜெயில் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, படியில் ஒரு காலை இறக்கிக் குதிக்கத் தயாரானான். கீழே கூர் கூராக ஜல்லி. பக்கத்திலேயே சிக்னல் கம்பம். ரயில் வேகம் பிடித்துக்கொண்டிருந்தது.

"கீரோதொ!"

அந்தக் கூப்பாட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. வராண்டாக் குரல் இல்லை அது. என் பக்கத்தில் நின்ற ஆள் காதைப் பொத்திக்கொண்டார். "குதிக்காத! மத் உத்ரோ! கீரோதொ! உள்ள போ!"

அவன் உறைந்தான். பின்னாலிருந்து யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே போனான். கம்பம் கடந்து போயிற்று. கடைசிப் பெட்டியும் போயிற்று.

அவள் அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. விரலால் ஸ்டேஷன் பக்கம் காட்டினாள். நான் அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தேன்.

ஸ்டேஷன் வாசலில் அவன் எங்களுக்கு முன்பே ஓடி வந்து நின்றிருந்தான். மூன்று பேரும் ஒரே வண்டியில் போவது தப்பு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். போனோம்.

கோர்ட் ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான். ஜட்ஜ் அம்மா கடைசிக் கட்டை மூடிவிட்டு, தள்ளிவைத்த கட்டைத் திரும்ப இழுத்திருந்தார். "கூப்பிடுங்க" என்றார். ஏட்டு எழுந்து 'குரோத்' என்று ஆரம்பிக்கவும் நாங்கள் வராண்டாவில் ஏறவும் சரியாக இருந்தது. அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களில் கெஞ்சல் இல்லை, அவசரம்தான் இருந்தது. நேரம் போகிறது, கூப்பிடு என்று.

நான் கூப்பிட்டேன். வயிற்றிலிருந்து, கடைசியில் அந்த 'ஒ'வோடு. என் குரல் ஹாலைத் தாண்டி, ஆபீஸைத் தாண்டி, எங்கேயோ போய் முட்டித் திரும்பி வந்தது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

என் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த கீரோத், கையைக் கூப்பிக்கொண்டு, "ஆக்யாங்!" என்றான். அவர்கள் ஊரில் பெரியவர்கள் கூப்பிட்டால் அப்படித்தான் பதில் சொல்வார்களாம்.

ஜட்ஜ் அம்மா அவனைப் பார்த்தார், எங்கள் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார், பேனாவில் மாட்டியிருந்த மூடியை மறுபடி கழற்றினார். "சாட்சியைக் கூப்பிடுங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட் கிளார்க் சார் அன்று சாயங்காலம் ஒரு ஃபிளாஸ்க் நிறைய மிளகுப் பால் வாங்கிவரச் சொல்லி, அதை அவள் மேஜையில் வைத்துவிட்டு, "பேஜாரு புடிச்ச பொண்ணு" என்று அவள் பாஷையிலேயே திட்டிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் அவளுக்குக் குரல் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பேருக்கும் ஆள் எழும்போது கையை மடக்கிக் காற்றில் குத்தினாள்.

அதற்கப்புறம் அவள் அங்கே ரொம்ப காலம் இல்லை. டிபார்ட்மென்ட் பரீட்சைகளை எழுதி, பதவி உயர்வு வாங்கி, திருவள்ளூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனாள். இப்போது நாற்காலி வேலை. நானும் வேறு கோர்ட்டுக்கு வந்துவிட்டேன். எப்போதாவது போனில் பேசுவோம். எடுத்ததும் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்வேன்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ரயில்கூட இல்லை. அது கீரோத்துக்குத் தீர்ப்பு வந்த நாள். கம்பியை அவன் எடுத்ததற்குச் சாட்சி இல்லை, விடுதலை என்று ஜட்ஜ் அம்மா வாசித்தார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூண்டிலேயே நின்றிருந்தான். வக்கீல் சொல்லியும் அசையவில்லை. அவள் வாசலிலிருந்து கையை ஆட்டினாள். "கேஸ் கதம்! போ, ஊட்டுக்குப் போ!"

வெளியே வந்தவன் போகவில்லை. வராண்டாவில் அவளுக்கு எதிரில் வந்து நின்றான். எப்படிக் கேட்பது என்று தயங்கிவிட்டு, "தீதி, ஆப்கா நாம்?" என்றான்.

எத்தனையோ பேரை அவள் கூப்பிட்டிருக்கிறாள். கோர்ட்டுக்கு வந்த ஒருவரும் அவள் பேரை அவளிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் திகைத்துப்போனாள். அப்புறம் சொன்னாள். அந்தக் காம்பவுண்டையே எழுப்புகிற தொண்டை, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத மாதிரி, அவ்வளவு மெதுவாக.

அவன் உதட்டை அசைத்து அதைப் பழகிக்கொண்டான். ஒரு முறை, இன்னொரு முறை. படியிறங்கிக் கேட் வரைக்கும் போனான். அங்கே திரும்பி நின்று, மார்பு நிறைய மூச்சை இழுத்து, அவள் பேரைக் கூப்பிட்டான். கடைசியில் அவன் ஊர் 'ஒ' ஒன்றைச் சேர்த்து.

வக்கீல்கள் திரும்பினார்கள். போலீஸ் வேனில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவள் கையிலிருந்த கேஸ் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கட்டுக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்து ஜட்ஜ் அம்மாவின் குரல் வந்தது. "என்னாச்சு? அடுத்த கேஸ் கூப்பிடலையா?"

"ஒரு நிமிசம் மேடம்" என்றாள் அவள், கட்டை இறக்காமலே. "தோ கூப்புடறேன். ஒரே ஒரு நிமிசம்."